ஒட்டின் வயது

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் ஒரு சப்போட்டா மரம் நிற்கிறது. காலையில் அதன் இலையைத் தடவினால் விரலில் மெல்லிய சாம்பல் படியும். கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் கொல்லைக் கதவின் கீல் இரண்டு முறை இற்று விழுந்துவிட்டது. மரம் மட்டும் ஆண்டு தவறாமல் காய்க்கிறது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அதன் தண்டு சற்றே புடைத்திருக்கும். புடைப்புக்குக் கீழே பட்டை கருத்துச் சொரசொரப்பாக வெடித்திருக்கும். மேலே நிறம் வெளிறி, வெடிப்பும் குறைந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினாலே ஒரு மரம் முடிந்து இன்னொரு மரம் தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

சென்ற ஆடியில் அந்தப் புடைப்புக்குக் கீழிருந்து ஒரு துளிர் கிளம்பியது. அப்படிக் கீழிருந்து வருவதைக் கிள்ளி எறிய வேண்டும் என்பது மரம் வளர்க்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். கிள்ளப் போன கை நின்றுவிட்டது. சப்போட்டாவின் இலை நீண்டு நுனி கூர்ந்திருக்கும். இந்தத் துளிரின் இலையோ சிறியது, தோல்போல் தடித்தது, நுனி கூராமல் சற்றே உள்வாங்கியிருந்தது. இருபது ஆண்டுகளாகச் சப்போட்டா என்றே நாங்கள் அழைத்துவந்த மரத்தின் அடியில் வேறொரு மரம் இருக்கிறது. இத்தனை காலம் இன்னொன்றுக்காக நீரை இழுத்துக் கொடுத்தும், தன் இலை எப்படி இருக்க வேண்டும் என்பதை அது மறந்துவிடவில்லை.

தோட்டக்காரர்கள் அதைப் பாலா என்பார்கள். உலக்கைப்பாலை என்பது அதன் பழைய பெயர். உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம். சோழமண்டலக் கரையின் ஆதிக் காட்டு மரங்களில் ஒன்று. தெற்கே கோடியக்கரையிலும் வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலும் பாலா ஓங்கி நிற்கும் காடுகள் இன்றும் உண்டு. அதன் பழம் விரல்நுனி அளவுதான். மஞ்சளாக, வாயில் பிசுபிசுக்கும் இனிப்போடு இருக்கும். சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. சப்போட்டாவுக்கோ இந்த மண்ணில் பிறப்பில்லை. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். ஸ்பானியர் கப்பலில் பிலிப்பைன்ஸ் வரை வந்தது. நம் நாட்டில் தோட்டப் பயிராகி நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. தாவரவியலார் அதற்கு இட்டிருக்கும் பெயரைக் கவனித்தால் அதுவே ஓர் ஒட்டு. மணில்காரா ஸப்போட்டா: முற்பாதி மலையாளக் கரையில் வழங்கிய மரப்பெயர், பிற்பாதி மெக்சிகோவின் நவாத்தல் மொழியிலிருந்து வந்த சொல். இரண்டு கடற்கரைகளின் சொற்கள் ஒரு மரத்தின் பெயரில் தழும்பு தெரியாமல் சேர்ந்திருக்கின்றன.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகமாக இருந்தாலும், கிரிக்கெட் பால் என்று பெயர் பெற்ற பழைய ரகமாக இருந்தாலும், தமிழ்நாட்டில் சப்போட்டாவுக்குப் பரிந்துரைக்கப்படும் வேர் பாலாதான். பழம் வாங்கும்போது நாம் ரகத்தைக் கேட்கிறோம். கன்று வாங்கும்போதும் ரகத்தைத்தான் கேட்கிறோம். 'எந்த வேரில் கட்டினீர்கள்' என்று கேட்பவர் அரிது.

அந்த ஒட்டைக் கட்டும் முறையில் நெஞ்சைத் தொடும் ஒரு காட்சி உண்டு. தாய்மரத்தின் கிளைகள் உயரத்தில் இருக்கும். பாலாக் கன்றோ தொட்டியில், தரையில். மெல்ல வளரும் மரம் அது. ஒட்டுக்கட்டும் பருமன் வரவே ஒன்றரை, இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். கிளைக்கு எட்டும்படி பரண் கட்டி, அதன்மேல் தொட்டிகளை ஏற்றி வரிசையாக வைப்பார்கள். கிளையிலும் கன்றிலும் ஒரே நீளத்துக்குப் பட்டையோடு சிறிது மரத்தையும் சீவியெடுத்து, காயமும் காயமும் முகம் பார்க்கும்படி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பு. அந்த நாள்களில் கிளை தன் தாயிடமும், கன்று தன் வேரிடமும் உணவு பெற்றபடியே இருக்கும். எதையும் எதனிடமிருந்தும் பிடுங்குவதில்லை. சேர்க்கை உறுதிப்பட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு, ஒட்டுக்குக் கீழே கிளையில் முதலில் பாதி வெட்டு. சில நாள் கழித்து முழு வெட்டு. புதிய இடத்தில் உயிர் பற்றிக்கொண்ட பிறகே பழைய இடத்தை விட்டு எடுக்கிறார்கள். மனிதரை ஓர் இடத்திலிருந்து பெயர்த்து இன்னோர் இடத்தில் வைக்கும் நம் காரியங்களில் இந்தப் பொறுமையில் பாதியேனும் இருக்கிறதா என்பதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எது எதோடு ஒட்டும்? இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை உறவு. மாவைப் பலாவில் கட்ட முடியாது, குடும்பமே வேறு. தென்னையில் எதையும் கட்ட முடியாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஓடவேண்டிய அந்தப் பச்சைப் படலமே அதற்கு இல்லை. சப்போட்டாவும் பாலாவும் ஒட்டுவதற்குக் காரணம், கடல்கள் பிரித்துவைத்தாலும் இரண்டும் ஒரே இனவழியின் இரு கிளைகள் என்பது. ஆனால் உறவு என்ற விடை சிறிது தூரம்தான் நம்மை அழைத்துச் செல்கிறது. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். ஒன்றின் மேல் ஒன்று வாழாது. வெட்டினால் பால் கசியும் குடும்பத்தில் இலுப்பையும் உண்டு. அதன் வேரிலும் சப்போட்டாவைக் கட்டிப் பார்த்தார்கள், பாலாவில் நிலைத்ததுபோல் நிலைக்கவில்லை. மறுபுறம், உறவே இல்லாத இடத்தில் ஒட்டுதல் தோன்றியதும் உண்டு. 2020-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், புகையிலை இனத்துச் செடி ஒன்று முற்றிலும் வேறான குடும்பத்துச் செடிகளோடும் ஒட்டி வாழ்வதைக் காட்டினார்கள். காயம்பட்ட இடத்தில் அது ஒரு நொதியைச் சுரந்து, செல்லைச் சுற்றியுள்ள சுவரைத் தளர்த்திக்கொள்கிறது என்பதே அவர்கள் கண்ட காரணம். தன் சுவரைத் தளர்த்தத் தெரிந்த உயிர், அந்நியத்தோடும் சேர்கிறது. ரத்த உறவு வாசலைத்தான் காட்டும். உள்ளே போவதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது.

அந்த வேறொன்று எது என்பதை ஒரு புயல்தான் எனக்குக் காட்டியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை ஊரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தும் கிளை பிளந்தும் கிடந்தன. அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் கிடந்த சப்போட்டா மட்டும் வேறு விதமாக விழுந்திருந்தது. சாயவில்லை, பிளக்கவில்லை, ஒட்டுக் கட்டிய இடத்தில், ரம்பத்தால் அறுத்ததுபோல் முறிந்திருந்தது. அடிக்கட்டை தரையில் அசையாமல் நின்றது. பத்தாண்டுக்கு மேல் காய்த்த மரம்; முறிந்த கிளைகளிலும் பிஞ்சுகள் இருந்தன. முறிவு முகத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒடிந்த மரத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய நார்கள் அங்கே இல்லை. வழுவழுப்பாக, ஒரு பலகையை இன்னொரு பலகைமேல் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. அதை எந்த வேரில் கட்டினார்கள் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஒட்டு 'பிடித்துவிட்டது' என்று நாம் மகிழ்வது முதல் துளிரைப் பார்த்து. அந்த மகிழ்ச்சி அவசரமானது. மரம் ஒருமுறை சேர்ந்து நின்றுவிடுவதில்லை. பட்டைக்கு அடியில் உள்ள அந்த மெல்லிய படலம் பருவந்தோறும் புதிய மரத்தை உள்ளேயும் புதிய பட்டையை வெளியேயும் இட்டுக்கொண்டே போகிறது. முதல் பருவத்தில் சேர்ந்த திசு சில ஆண்டுகளில் தண்டின் நடுப்பகுதிக்குப் போய்விடும். நீர் ஏறுவது அதன் வழியாக இல்லை, பின்னால் வந்த புதிய அடுக்கின் வழியாக. ஆகவே ஒவ்வோர் அடுக்கும் அந்த எல்லைக்கோட்டுக்கு வரும்போது, கீழிருப்பது மேலிருப்பதோடு புதிதாகக் கைகோத்தாக வேண்டும். இணங்காத ஒட்டில் என்றோ ஒரு பருவத்தில் அந்தக் கைகோப்பு தவறுகிறது. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. பழைய சேர்க்கையின் பலத்தில் மரம் நிற்கும், பூக்கும், காய்க்கவும் செய்யும். வெளிநாடுகளில் அக்ரூட் மரம் பதினைந்து இருபது ஆண்டுகள் வளமாகக் காய்த்த பிறகு ஒட்டு வாயில் கருங்கோடு விழுந்து பட்டுப்போவது தோட்டக்காரர்கள் அறிந்த துயரம். காலமும் காற்றும்தான் ஒட்டைச் சோதிக்கின்றன.

'ஒட்டுமரம்' என்ற நம் சொல்லை வினைத்தொகையாகவும் பிரிக்கலாம். ஒட்டிய மரம், ஒட்டுகின்ற மரம், இனி ஒட்டும் மரம். காலத்தை வெளிக்காட்டாமல் மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருப்பது வினைத்தொகையின் இயல்பு. ஒட்டின் இயல்பும் அதுவே. நேற்று ஒட்டியது இன்று ஒட்டுவதற்குப் பொறுப்பாகாது. நம் வீடுகளின் உறவுகளை, நட்பை, ஒரு தெருவில் பல சாதியும் பல மொழியும் கூடி வாழும் வாழ்வை நாம் பெரும்பாலும் இறந்தகாலத்தில் வைத்தே நம்புகிறோம். 'நாங்கள் முப்பது வருஷப் பழக்கம்' என்கிறோம். அந்த முப்பது வருஷம் தண்டின் நடுவில் கிடக்கும் மரம். அது நிற்பதற்குத் துணை. உயிர் ஓடுவது இந்த வருஷத்து அடுக்கில்.

இன்னொரு கசப்பான உண்மையையும் இந்த இடத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 1930-களில் தொடங்கி பிரேசிலில் லட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் வாடி மடிந்தன. அந்த நோய்க்கு அங்குள்ளவர்கள் இட்ட பெயர் டிரிஸ்டெஸா. போர்த்துகீசிய மொழியில் துயரம் என்று பொருள். இனிப்பு ஆரஞ்சைப் புளிப்பு ஆரஞ்சின் வேரில் கட்டியிருந்த தோட்டங்களே அழிந்தன. ஒரு வைரஸ் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. வியப்பு என்னவென்றால், தன் வேரில் நிற்கும் இனிப்பு ஆரஞ்சு அந்த வைரஸைத் தாங்கிக்கொள்ளும். தன் தலையோடு நிற்கும் புளிப்பு ஆரஞ்சும் தாங்கும். தனித்தனியே இருவரும் நலம். சேர்ந்த இடத்தில், அந்தச் சேர்க்கையின் கீழ்வாயில்தான், உணவுக் குழல்கள் செத்து வேர் பட்டினி கிடந்து மரம் விழுந்தது. பேரியைக் குயின்ஸ் வேரில் கட்டும்போதும் இதைப்போன்ற ஒன்று நேரும்: குயின்ஸுக்கு இயல்பான ஒரு சாறு சில பேரி ரகங்களின் பட்டையில் ஏறியதும் சிதைந்து நஞ்சாகிவிடும். யாரும் கெட்டவரில்லை. ஆயினும் ஒருவரின் இயல்பு மற்றவருக்கு நஞ்சாகும் சேர்க்கைகள் உலகில் உண்டு. அங்கே குற்றவாளியைத் தேடுவது வீண். பேரித் தோட்டக்காரர்கள் வேறு வழி கண்டார்கள்: இரண்டோடும் இணங்கும் மூன்றாவது ரகத்தின் ஒரு துண்டை நடுவில் வைத்துக் கட்டினார்கள். சண்டையிட்ட இரு வீட்டுக்கு நடுவே பேசத் தெரிந்த ஒரு பெரியம்மா இருப்பதன் அருமையை நாம் அறிவோம்.

பழைய தமிழில் 'ஒட்டு' என்ற சொல்லுக்குச் சபதம், ஆணை என்ற பொருளும் உண்டு. மரத்தை மரத்தோடு சேர்ப்பதும், வாக்கை வாழ்வோடு சேர்ப்பதும் ஒரே சொல்லாக இருந்திருக்கின்றன. இதைத் திருவொற்றியூரில் இருந்துகொண்டு நினைப்பவர்களுக்கு ஒரு மரம் நினைவுக்கு வராமல் போகாது. இங்கே தியாகராஜர் கோயிலின் தல மரம் மகிழம். அதுவும் பால் கசியும் அதே குடும்பம். என் கொல்லைச் சப்போட்டாவுக்கும் அதன் அடியிலிருக்கும் பாலாவுக்கும் தூரத்துச் சொந்தம்.

சுந்தரர் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து ஒற்றியூரில் கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்கு மாலை தொடுத்த சங்கிலியாரை அவர் விரும்பினார். திருவாரூரில் அவர் முன்பே மணந்த பரவையார் இருக்கிறார். 'உன்னைப் பிரியேன்' என்று ஆணையிட்டால்தான் மணம் என்ற நிலை. 'சந்நிதியில் ஆணையிட வேண்டிய நேரத்தில் நீர் மகிழின்கீழ் இருந்துவிடும்' என்று இறைவனிடம் சுந்தரர் வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின்கீழ் ஆணை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மகிழடியில் ஒட்டு நடந்தது. வசந்தம் வந்தது, ஆரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரு கண்ணும் மறைந்தன.

இந்தக் கதையைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் பக்தி நெறியில் வைத்துப் படிப்பது ஒரு முறை. ஒட்டுக்கட்டும் கையோடு படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. வாக்குக்கும் அதன் சாட்சிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுவைக்க சுந்தரர் விரும்பினார். சந்நிதியில் சொல், சாட்சி வேறிடத்தில். கட்டின நாள் மேல்பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும் ஒட்டிலும் இப்படித்தான். காயமும் காயமும் முழுதாக முகம் பொருந்தாமல் ஒரு மயிரிழை வெளி நின்றுவிட்டால், கட்டை அவிழ்க்கும்வரை அது யாருக்கும் தெரியாது. பிரியும்போது ஒரு வழி வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சேருகிற மனம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. இறைவன் அந்த இடைவெளியை அடைத்தார். அடைத்த பிறகும் அடுத்த வசந்தத்தின் அடுக்கில் சேர்க்கை தவறிப்போனது.

கண்ணிழந்த சுந்தரருக்கு வழியில் வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். அவர் பெற்றதையெல்லாம் நாம் தலம் தலமாகச் சொல்கிறோம். ஒற்றியூரில் விட்டுவரப்பட்ட சங்கிலியாரைப் பற்றி நாம் கேட்பது குறைவு. பூக்கும் தலையின் கதைதான் எங்கும் சொல்லப்படுகிறது. அந்த வெண்பாக்கத்துப் பழைய கோயிலும் இன்று நிலத்தின்மேல் இல்லை. சென்னையின் தாகத்துக்காகக் கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது அது நீருக்குள் போனது. கோயிலைப் பூண்டியில் மீண்டும் எழுப்பினார்கள். தேக்கிய நீர் நகரத்துக்குப் போகிறது. அந்த ஆறோ எண்ணூரில் வந்து கடலில் சேர்கிறது. சேரும் இடத்தில் அதற்கு நேர்ந்திருப்பது வடசென்னையில் வாழும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வடசென்னையே ஓர் ஒட்டு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. மீனவர் குப்பங்களின் மேல் துறைமுகமும் ரயிலும் ஆலையும் வந்து ஒட்டின. தெலுங்கு பேசுவோர் வந்தார்கள். 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள் வந்து எண்ணூர்ப் பக்கம் குடியேறினார்கள், அவர்களோடு அத்தோ என்னும் பர்மிய உணவும் வந்தது. ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. 1910-இல் ஏற்றிய தீயை நாள்தோறும் விறகிட்டு அவர்கள் இன்றும் காத்துவருகிறார்கள். சுற்றிலும் லாரிகளின் இரைச்சலும் மீன்வாடையும். யாரும் யாராகவும் மாறிவிடவில்லை. பாலாவின் வேரில் நூறு பழம் காய்த்த பிறகும் சப்போட்டா சப்போட்டாவாகவும் பாலா பாலாவாகவும் இருப்பதுபோல், இந்தத் தெருக்களில் தெலுங்கு தெலுங்காகவும் பர்மியச் சுவை பர்மியச் சுவையாகவும் இருந்துகொண்டு, ஒரே குழாயடியில் குடம் வைத்து, ஒரே வெள்ளத்தில் நின்று, ஒரு வாழ்வை வாழ்ந்திருக்கின்றன. ஒன்றாகக் கரைந்துபோவதை ஒற்றுமை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மரத்தைப் பார்த்ததில்லை போலும். ஒட்டில் கரைதல் இல்லை. தன் இலையை மறக்காத இரண்டு உயிர்கள், தமக்குள் நீரும் உணவும் தடையின்றிப் போய்வர ஓர் எல்லையைத் திறந்துவைத்திருக்கின்றன, அவ்வளவே. அந்தத் திறப்பை நாளும் புதுப்பிக்கும் உழைப்புக்குத்தான் இணக்கம் என்று பெயர்.

இதே கண்ணோடு பெருநகரத்தை முழுதாகப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சென்னை என்னும் மரத்தில் வேர் எது, தலை எது? மின்சாரமும் சரக்கும் எரிவாயுவும் ஏறிப்போவது இங்கிருந்து. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதுவரை நகரம் அதன் வெளிச்சத்தில் படித்தது. வடக்கே அத்திப்பட்டில் இன்னும் கொதிகலன்கள் எரிகின்றன. சாம்பல் முகத்துவாரத்தில் படிகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் கையால் வாளி வாளியாக அள்ளியதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். படகும் வலையும் அலையாத்தி வேரும் கருத்தன. மேலே பழம், கீழே உப்பு. வேர்ச்செடி உப்பைத் தாங்கும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். தாங்கும் என்பதாலேயே அதற்கு எல்லை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆரஞ்சு மரங்கள் மடிந்த விதத்தை எண்ணிப் பாருங்கள்: ஒட்டு வாயில் தடை விழுந்து, மேலிருந்து வரவேண்டிய உணவு வேருக்கு வராமல் நின்றபோது, முதலில் பட்டினி கிடந்தது வேர், தலை அப்போதும் சிறிது காலம் பச்சையாகவே இருந்தது. நீர் மேலே ஏறும்வரை இணக்கம் இருக்கிறது என்று தலை நம்பும். உணவு கீழே இறங்குகிறதா என்று கேட்பது வேர். கொடுக்கல் வாங்கல் இரு வழியும் ஓடாத சேர்க்கையில் இணக்கம் என்ற சொல்லுக்கு இடமில்லை. அது தலை வேரைக் குடிப்பது மட்டுமே.

இந்த ஊரின் பிள்ளைகளுக்கு நல்ல காற்றும், மருத்துவமும், விளையாட ஒரு திடலும், ஆற்று முகத்துக்குச் சாம்பலற்ற நீரும் கேட்பதைச் சலுகை கேட்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அவை பட்டை வழியே கீழே இறங்க வேண்டிய உணவு. தென்பக்கம் வாழும் நண்பர்கள் விளக்கைப் போடும்போது ஒருமுறையேனும் வடக்கே திரும்பி, 'எந்த வேரில் நிற்கிறோம்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆடியில் கிளம்பிய அந்தத் துளிரைக் கடைசியில் கிள்ளத்தான் செய்தேன். விட்டால் பாலா மேலெழுந்து சப்போட்டாவை மறைத்துவிடும், அதுவும் நியாயமில்லை. ஆனால் கிள்ளுவதற்கு முன் அதன் ஓர் இலையைப் பறித்து வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டினேன். சப்போட்டா இலையையும் பக்கத்தில் வைத்தேன். 'ரெண்டும் ஒரே மரத்துலயா இருந்துச்சு தாத்தா?' என்று சின்னவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து அந்தப் புடைப்பின்மேல் வைத்தேன். இப்போது மரத்துக்கு நீர் ஊற்றும்போது அவளே அங்கே ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள். பாலா விதை முளைக்க நாளாகும் என்று தெரிந்தும், ஒரு தொட்டியில் சிலவற்றை ஊன்றி வைத்திருக்கிறோம்.

மாசி பிறந்தால் தியாகராஜர் கோயிலில் பெருவிழா. அதில் சுந்தரரும் சங்கிலியாரும் மீண்டும் மகிழடிக்கு வருவார்கள். அன்றைய ஆணை மீண்டும் நடக்கும். மகிழடி சேவை என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.